சதுர ஜன்னலால தான் காமெட் விழுந்துச்சா?

கேள்வி, பிப்ரவரி 6:
"1954ல காமெட் ஜெட் விமானம் நடுவானத்துல வெடிச்சதுக்கு காரணம் சதுர ஜன்னல். மூலையில விரிசல் விட்டுச்சு, அதுக்கப்புறம் தான் எல்லா விமானத்துலயும் வட்டமா ஜன்னல் வச்சாங்க. ரெண்டு வரில முடியிற விஷயம். இதுக்கு மேல இதுல என்ன இருக்கு?"

பிப்ரவரி 6, ராத்திரி 10.50

ஒன்னும் இல்ல தம்பி, சரியா தான் சொல்லியிருக்கீங்க. நான் கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறையில முப்பது வருஷத்துக்கு மேல ரிவிட் அடிச்சவன், இப்ப சூப்பர்வைசர்னு பேரு, வேலை என்னமோ அதே தான். ஜன்னல் மூலைன்னாலே எங்களுக்கு தலைவலி. எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓட தகுதிச் சான்று வாங்க வர்ற பழைய வண்டில முதல்ல டார்ச் அடிச்சு பாக்கற இடமே அதுதான், மூலையில இருந்து தலைமயிர் கணக்கா ஒரு கோடு சாய்வா ஓடியிருக்கும். பஸ்ஸுக்கே அப்படின்னா விமானத்துக்கு கேக்கணுமா. கல்கத்தா, எல்பா, நேப்பிள்ஸ்னு மூணு காமெட் அப்படித்தான் போச்சு.

பிப்ரவரி 7, காலை 6.15

டீ குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு திருத்தம். கல்கத்தாவை அதுல சேத்தது என் தப்பு. 1953 மே 2, கல்கத்தா டம்டம் ஏர்போர்ட்ல இருந்து கிளம்பின கொஞ்ச நேரத்துல கடும் புயல்ல மாட்டி உடைஞ்சது அது, 43 பேர் போனாங்க. நம்ம நாட்டு விசாரணை புயல் காத்தோட வேகத்துல உடம்பு தாங்காம உடைஞ்சதுன்னு தான் முடிச்சது. ஜன்னல் பேச்சே அதுல இல்ல. கொடுமை என்னன்னா அதுக்கு சரியா ஒரு வருஷம் முன்னாடி, 1952 மே 2 அன்னைக்கு தான் உலகத்துலயே முதல் ஜெட் பயணிகள் சர்வீஸ், லண்டன்ல இருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு காமெட் கிளம்புச்சு. முதல் பொறந்தநாள் அப்படி ஆயிருச்சு.

மத்த ரெண்டு சரி. ரெண்டுமே 1954ல, ரெண்டுமே ரோம்ல இருந்து ஏறினது.

பிப்ரவரி 7, ராத்திரி 11.40

நேத்து "ஒன்னும் இல்ல"ன்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன். சாயங்காலம் பையனை பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு அந்த 1954 விபத்து ரெண்டுக்கும் நடந்த விசாரணையில என்ன கண்டுபிடிச்சாங்கன்னு படிச்சேன், இங்கிலீஷ்ல எனக்கு புரியாததை அவன் சொன்னான், அவனுக்கு புரியாத ரிவிட் சமாசாரத்தை நான் சொன்னேன். மூணு மணி நேரம் போனதே தெரியல.

எல்பா தீவு பக்கத்துல விழுந்த விமானத்துக்கு யோக் பீட்டர்னு பேரு. பதிவு எழுத்துல கடைசி ரெண்டை அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். 1954 ஜனவரி 10. சிங்கப்பூர்ல இருந்து ரங்கூன், கல்கத்தா, கராச்சி, பஹ்ரைன், பெய்ரூட்னு இறங்கி ஏறி ரோம் வந்து, கடைசி தவ்வு லண்டன். 35 பேர். அதுல பத்து பேர் குழந்தைங்க, லீவு முடிஞ்சு இங்கிலாந்துல இருக்கற பள்ளிக்கூடத்துக்கு திரும்பினதுங்க. மேல ஏறிக்கிட்டே கேப்டன் முன்னாடி போன இன்னொரு விமானத்தோட மேகம் எப்படின்னு ரேடியோவுல பேசிட்டிருக்கார், ஒரு வாக்கியத்தோட நடுவுல குரல் நின்னு போச்சு. அவ்வளவுதான். கடல்ல மீன் பிடிச்சிட்டிருந்தவங்க சத்தம் கேட்டு அண்ணாந்து பாத்திருக்காங்க.

காமெட்டை நிறுத்தி வச்சு, தீப்பிடிக்குமோ எஞ்சின் வெடிக்குமோன்னு தோணின இடமெல்லாம் அறுபது மாத்தம் கிட்ட பண்ணாங்க. காரணம் தெரியாமலேயே. மார்ச் 23 திரும்ப பறக்க விட்டாங்க. ஏப்ரல் 8, யோக் யோக்னு இன்னொன்னு, ரோம்ல இருந்து கெய்ரோ போறப்ப நேப்பிள்ஸ் தெக்கால கடல்ல விழுந்துச்சு, 21 பேர். ரெண்டு வாரம் தான் இடைவெளி. வண்டில என்ன கோளாறுன்னு தெரியாம கண்ணுல பட்ட நட்டையெல்லாம் டைட் பண்ணி அனுப்பறது நாங்களும் பண்ணியிருக்கோம், அதனால சிரிக்க தோணல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். யோக் பீட்டரோட கூரைத் தகடு ஒரு துண்டு கடைசியா ஆகஸ்ட்ல மீன் வலையில மாட்டி வந்துச்சு. விரிசல் ஆரம்பிச்ச இடம் அதுல தான் இருந்துச்சு. ஆனா அது பயணி எட்டிப் பாக்கற ஜன்னல் இல்லைங்க. உச்சந்தலையில, கூரை மேல, திசை காட்டற ரேடியோவோட ஆன்டெனாவுக்காக வெட்டின ஓட்டை. அதுக்கு மேல கண்ணாடி கூட கிடையாது, ரேடியோ அலை உள்ள போறதுக்கு ஃபைபர் மூடி. வெட்டின ஓட்டைங்கறதால அதையும் 'விண்டோ'ன்னு எழுதியிருக்காங்க. அந்த வார்த்தையை பிடிச்சுக்கிட்டு எழுபது வருஷமா ஊரு பூரா சதுர ஜன்னல் சதுர ஜன்னல்னு சொல்றோம், நேத்து நானும்.

பயணி ஜன்னலும் கூட நம்ம நினைக்கற மாதிரி மூலை கூரா இருந்ததில்ல. ஓரம் வளைச்சு தான் இருந்துச்சு. போட்டோ எடுத்து பாருங்க.

பிப்ரவரி 8, மதியம்

"அப்ப ஜன்னல் காரணமே இல்லையா"ன்னு கேக்கறீங்க. அப்படியும் சொல்லல. எந்த ஓட்டை வெட்டினாலும் அதோட மூலையில இழுவை கூடும், பயணி ஜன்னல் மூலையிலயும் கணக்கு போட்டதை விட ரொம்ப கூடுதலா தான் இருந்துச்சு. தகடு தாங்கக்கூடிய உச்சத்துல எழுபது சதவீதம் கிட்ட போயிருச்சுன்னு விசாரணையில சொல்றாங்க. நான் சொல்ல வர்றது என்னன்னா சதுரம் வட்டம்கறது கடைசி பேச்சு. அதுக்கு முன்னாடி தகடு எவ்வளவு கனம், ரிவிட் எப்படி போட்டாங்க, டெஸ்ட் எப்படி பண்ணாங்கன்னு மூணு கேள்வி இருக்கு. தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. பஸ் சைடு பேனலே அதைவிட கனமா போடுவோம் நாங்க.

பிப்ரவரி 8, ராத்திரி 9.30

ஒருத்தர் கேட்டிருந்தார், உள்ள காத்து அழுத்தம் எட்டேகால் பவுண்டு தானே, பைக் டயர்லயே 28 அடிக்கிறோமே, அதுக்கா உடையும்னு. நல்ல கேள்வி, எனக்கும் முதல்ல அதுதான் தோணுச்சு.

எட்டேகால்ங்கறது ஒரு சதுர அங்குலத்துக்கு. அடிக்கு அடி ஒரு ஜன்னல் வச்சுக்கோங்க, 144 சதுர அங்குலம், பெருக்கினா 1188 பவுண்டு. அரை டன்னுக்கு மேல. ஒரு எருமை மாடு உள்ள இருந்து ஜன்னலை முட்டிக்கிட்டு நிக்குதுன்னு வச்சுக்கோங்க. மேல ஏற ஏற முட்டும், இறங்கினா விட்டுரும். ஒவ்வொரு தடவை பறக்கறப்பவும் ஒரு முட்டு. ஒரு முட்டுல ஒன்னும் ஆகாது. கட்டுக்கம்பியை கையில மடக்கி மடக்கி ஒடைக்கறோம் பாருங்க, கட்டர் இல்லாதப்ப, அது மாதிரி. உலோகச் சோர்வுன்னு இதுக்கு பேரு. முதல் மடக்குல ஒடையாது, இருபதாவதுல ஒடையும், இருபதாவது மடக்கு ஒன்னும் பலமா மடக்கினது இல்ல.

அந்த காலத்துல மத்த விமானமெல்லாம் கம்மி உயரத்துல போச்சு. காமெட் 35,000 அடி, 40,000 அடின்னு போனதால வெளிய காத்து ரொம்ப கம்மி, உள்ள மனுசன் மூச்சு விடற அளவுக்கு வச்சாகணும். அதனால தான் இந்த அழுத்தம்.

பிப்ரவரி 9, காலை

விசாரணையில காமெட்டை எதுக்கு தண்ணியில முக்கி டெஸ்ட் பண்ணாங்கன்னு கேட்டவருக்கு: பட்டறையில கம்ப்ரஸர் டேங்க் டெஸ்ட் பண்றப்ப தண்ணி ரொப்பி தான் பண்ணுவாங்க, காத்து ரொப்பி இல்ல. காத்தை அமுக்கினா சுருங்கி சக்தியை பிடிச்சு வச்சுக்கும், உடைஞ்சா குண்டு மாதிரி வெடிக்கும். தண்ணி சுருங்காது, எங்கயாவது கீறல் விட்டா பொசுக்குனு அழுத்தம் இறங்கிரும், கீறல் விட்ட இடம் அப்படியே கெடைக்கும். காத்துல பண்ணியிருந்தா விமானமும் போயிருக்கும், கொட்டகையும் போயிருக்கும், எங்க ஆரம்பிச்சதுன்னு ஒருத்தரும் சொல்லியிருக்க முடியாது.

இங்கிலாந்துல ஃபார்ன்பரோங்கற ஊர்ல ஒரு முழு காமெட்டையே தொட்டிக்குள்ள இறக்கினாங்க. றெக்கை ரெண்டும் தொட்டிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அதை ஜாக்கி வச்சு மேல கீழ ஆட்டுவாங்க, பறக்கற மாதிரி. அந்த விமானத்துக்கு பேரு யோக் அங்கிள். மாமாவை தண்ணி தொட்டியில போட்டு ராத்திரி பகலா அமுக்கியிருக்காங்க. (என் சம்சாரம் இதை படிச்சுட்டு, உங்களையும் அப்படி ஒரு நாள் போடணும்னா.)

பிப்ரவரி 9, ராத்திரி 11

மாமா கதையை முடிக்கல. தொட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி நிஜமாவே 1200 தடவைக்கு மேல பறந்தது அது. தொட்டியில இன்னும் 1800 தடவைக்கு மேல. மொத்தம் மூவாயிரம் சொச்சத்துல, ஜூன் 24, முன்பக்க அவசர வழி பக்கத்துல ஒரு போல்ட் ஓட்டையில இருந்து கிழிஞ்சு நீளவாக்குல போயிருச்சு. யோக் பீட்டர் விழுந்தப்ப 1290 தடவை பறந்திருந்துச்சு, யோக் யோக் 900.

இப்ப பாருங்க, ஒரே கம்பெனி, ஒரே வரைபடம், ஒன்னு 900ல போகுது, ஒன்னு 3000 தாண்டுது. சதுர ஜன்னல் தான் காரணம்னா எல்லாத்துக்கும் அதே ஜன்னல் தானே? இந்த வித்தியாசம் எங்க இருந்து வருதுன்னா ஒவ்வொரு ஓட்டையும் எப்படி போட்டாங்கங்கறதுல இருந்து. அது கை வேலை. அதான் எனக்கு தூக்கம் போச்சு.

பிப்ரவரி 10, காலை 5.50

கை வேலைன்னதும் தொழிலாளி தலையில கட்டறேன்னு நினைக்காதீங்க. ஒட்டு போடறதுல ரெண்டு வழி, ஒன்னு டிரில் பண்ணி ரிவிட், இன்னொன்னு பசை. காமெட் செஞ்ச கம்பெனிக்கு பசை ஒட்டறதுல நல்ல பேரு. ஆனா காமெட்ல அந்த இடங்கள்ல ரிவிட்டும் அடிச்சாங்க, அதுவும் டிரில் போடாம பஞ்ச் பண்ணி அடிச்சது. பஞ்ச் பண்ணா ஓட்டையோட உள் விளிம்பு சுத்தமா இருக்காது, கண்ணுக்கு தெரியாத பிசிறும் வெடிப்பும் இருக்கும். எங்க பட்டறையில சேந்த புதுசுல நான் அவசரத்துக்கு பஞ்ச் அடிச்சு முதுகுல வாங்கியிருக்கேன். எங்க மேஸ்திரிக்கு உலோகச் சோர்வுன்னா என்னன்னே தெரியாது, "பல்லு தேச்ச மாதிரி இருக்கணும்டா ஓட்டை"ன்னுவார். அவ்வளவு தான் அவர் படிப்பு.

இன்னொன்னு. தயாரிக்கறப்பவே சின்ன விரிசல் வந்துச்சுன்னா அதோட நுனியில பொடி ஓட்டை ஒன்னு போட்டு மேல ஓடாம நிறுத்திருவாங்க, காமெட்லயும் அப்படி நிறுத்தின இடங்கள் இருந்துச்சு. இதை படிச்சப்ப ஒரு நிமிசம் அப்படியே உக்காந்துட்டேன். நாங்க தினம் பண்றது அது. கிராக் ஓடுதா, நுனியில டிரில் போடு, ஓட்டம் நின்னுரும். பஸ்ஸுல நிக்கும், சத்தியமா நிக்கும். பஸ்ஸை எருமை முட்டறதில்ல.

பிப்ரவரி 10, ராத்திரி

"டெஸ்ட் பண்ணாமயா விட்டாங்க"ன்னு மூணு பேர் கேட்டுட்டீங்க. பண்ணாங்க. இந்த கதையிலேயே எனக்கு ரொம்ப பிடிச்ச, ரொம்ப வயித்தெரிச்சலான இடம் இதுதான்.

முதல்ல ஒரு உடம்புத் துண்டை எடுத்து சாதா அழுத்தத்தோட ரெண்டு மடங்கு ஏத்தி பாத்தாங்க. தாங்குச்சு. பெருமை. அப்புறம் அதே துண்டை எடுத்து, ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி 16,000 தடவைக்கு மேல பண்ணாங்க. தாங்குச்சு. அப்ப விமானத்தோட ஆயுசுக்கும் கவலையில்லைன்னு எழுதியாச்சு.

அதே துண்டுங்கறதுல தான் வினை. ரெண்டு மடங்கு ஏத்தினப்ப ஓட்டை மூலையெல்லாம் கொஞ்சூண்டு இழுபட்டு நீண்டு போச்சு. அழுத்தத்தை எடுத்ததும் சுத்தி இருக்கற தகடு அந்த நீண்ட இடத்தை திரும்ப நெருக்குது. நெருக்கின இடத்துல விரிசல் சுலபமா வராது. அதாவது டெஸ்ட் பண்ணதே அந்த துண்டை பலசாலி ஆக்கிருச்சு. விக்கற விமானத்துக்கு யாரும் ரெண்டு மடங்கு ஏத்தல. பரீட்சை எழுதினவன் ஒருத்தன், வேலைக்கு போனவன் இன்னொருத்தன்.

இதுல யாரை குத்தம் சொல்றது? யாரும் ஏமாத்தல. நல்லா டெஸ்ட் பண்ணணும்னு நினைச்சு கூடுதலா பண்ணதால வந்த வினை.

பிப்ரவரி 11, மதியம், சாப்பாட்டு நேரம்

கேள்வி கேட்ட தம்பி இப்ப வேற பக்கம் தாவி "பாதி விபத்து பைலட் தப்பு தானே"ங்கறார். காமெட்லயே பதில் இருக்கு.

1952 அக்டோபர் 26, ரோம் சியாம்பினோ. காமெட் ஓடுது ஓடுது, மூக்கு தூக்குது, மேல ஏறல, ஓடுபாதை தாண்டி போய் நின்னுச்சு. யாரும் சாகல. விசாரணையில கேப்டன் மூக்கை அதிகமா தூக்கிட்டார்னு எழுதி, அவரை காமெட்டை விட்டு எடுத்து பழைய சரக்கு விமானத்துக்கு அனுப்பிட்டாங்க. நாலு மாசம் கழிச்சு 1953 மார்ச் 3, கராச்சி, இன்னொரு காமெட், கனடா கம்பெனிக்கு புதுசா கொண்டு போறது, அதே மாதிரி ஏறாம போய் மோதி எரிஞ்சுது, 11 பேர் செத்தாங்க. அப்புறம் தான் றெக்கையோட முன் விளிம்பு வடிவத்தையே மாத்தினாங்க, மூக்கு தூக்கினாலும் தூக்கு சக்தி போகாத மாதிரி. வடிவத்தை மாத்தினாங்கன்னா என்ன அர்த்தம், முதல் ஆளு தப்புன்னு எழுதினதை அழிச்சாங்களா? உடனே அழிக்கல.

பஸ் கவுந்தா டிரைவர் மேல தான் முதல்ல கேஸ். அவன் தான் கண்ணுக்கு தெரியறான். பில்லரை, அதான் பாடியை தாங்கற தூணை கட்டினவன் பட்டறையில டீ குடிச்சிட்டிருப்பான்.

பிப்ரவரி 11, ராத்திரி 12.20

டீ குடிச்சிட்டிருந்தவன் நானே தான். அது அப்புறம்.

பிப்ரவரி 12

கடல்ல இருந்து எப்படி எடுத்தாங்கன்னு கேட்டதுக்கு சுருக்கமா: நானூறு அடிக்கு மேல ஆழம், பிரிட்டிஷ் கடற்படை தண்ணிக்கு அடியில டிவி கேமரா இறக்கி தேடுச்சு, அந்த காலத்துல அது அதிசயம். எடுத்த துண்டையெல்லாம் ஃபார்ன்பரோவுல மரச்சட்டத்துல விமானம் மாதிரியே கட்டி தொங்க விட்டாங்க. றெக்கையில உடம்போட பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு, அதுல இருந்து முதல்ல கிழிஞ்சது உடம்பு, றெக்கை அப்புறம்னு தெரிஞ்சுது. பெயிண்ட் பொய் சொல்லாது. பீசா நகரத்துல பிரேதம் பாத்த டாக்டர்களும் நுரையீரல் கிழிஞ்சிருக்கறதை வச்சு அழுத்தம் சட்டுனு போயிருக்குன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. நம்பறதுக்கு கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மாடல் பண்ணி உள்ள பொம்மை உக்கார வச்சு உடைச்சு பாத்தாங்க. பொம்மையெல்லாம் கூரையில போய் இடிச்சுது.

இந்த காமெட் குழப்பத்துல இருந்து தான் கருப்புப் பெட்டி யோசனையும் வந்துச்சு. டேவிட் வாரன்னு ஆஸ்திரேலியா விஞ்ஞானி, காமெட் ஏன் விழுந்துச்சுன்னு பேசற கூட்டத்துல உக்காந்திருக்கறப்ப, உள்ள பேசினதை பதிஞ்சு வச்சிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு அவருக்கு தோணுச்சு. அவரோட அப்பா 1934ல ஒரு விமான விபத்துல போனவர். பாதில நின்னு போன அந்த வாக்கியத்தை நினைச்சா இதுக்கு வேற விளக்கமே வேண்டாம்.

பிப்ரவரி 13, ராத்திரி 10

சோர்வு விரிசலை காமெட்டோட விட்டுட்டாங்கன்னு யாரோ எழுதியிருக்கீங்க. இல்ல. அதுக்கப்புறம் அது ஒட்டுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு.

1985 ஆகஸ்ட் 12, ஜப்பான், போயிங் 747 விமானம். டோக்கியோவுல இருந்து ஒசாகா. ஏறி பன்னெண்டு நிமிசத்துல பின்னாடி உள்ள காத்தை அடைச்சு வைக்கற அழுத்தத் தடுப்பு கிழிஞ்சு, வால் போச்சு, விமானத்தை திருப்பற ஹைட்ராலிக் எண்ணெய் லைன் நாலும் போச்சு. ஸ்டியரிங்கே இல்லாம எஞ்சின் சத்தத்தை கூட்டி குறைச்சே அரை மணி நேரம் பிடிச்சு வச்சிருந்தாங்க. 524 பேர்ல 520 பேர் போயிட்டாங்க, மலையில மோதி. இன்னைக்கும் ஒத்தை விமானத்துல இதைவிட பெரிய சாவு இல்ல.

ஏன்? ஏழு வருஷம் முன்னாடி, 1978ல, இறங்கறப்ப வால் தரையில தேய்ச்சுது. அந்த தடுப்பை ரிப்பேர் பண்ணாங்க, பண்ணது விமானம் செஞ்ச கம்பெனியோட ஆளுங்களே. ரெண்டு தகடை சேக்கறதுக்கு நடுவுல ஒரே பட்டையா போட்டு ஒன்னுக்கு மேல வரிசை ரிவிட்ல பிடிக்கணும். அவங்க பட்டையை ரெண்டா வெட்டி போட்டுட்டாங்க. மேல இருந்து பாத்தா வரிசையெல்லாம் அழகா இருக்கும், ஆனா நிஜத்துல சுமை பூரா ஒரே வரிசை மேல. அது 12,000 தடவைக்கு மேல தாங்குச்சு.

ரிவிட் அடிக்கறவனுக்கு இது என்னன்னு தெரியும். பட்டை சரியா உக்காரலைன்னா வெட்டி உக்கார வைக்கறது. ஒரு நிமிச வேலை.

பிப்ரவரி 14, காலை

தைவான் விமானம் ஒன்னு, அதுவும் 747. 1980ல ஹாங்காங்ல வால் தேய்ச்சு, மேல ஒட்டுத் தகடு போட்டு மூடினாங்க. 2002 மே 25, தைபேல இருந்து ஹாங்காங் போறப்ப நடுவானத்துல பிரிஞ்சு போச்சு, 225 பேர். இருபத்திரெண்டு வருஷம். கீறல் விழுந்த தகடை வெட்டி எடுக்கணும், இல்லைன்னா ஒட்டு கீறலை தாண்டி நல்லா அகலமா இருக்கணும். அது ரெண்டும் நடக்கல.

இதுல ஒரு விஷயம், மனசை விட்டு போகமாட்டேங்குது. விபத்துக்கு முன்னாடி சோதனையில எடுத்த போட்டோவுல அந்த ஒட்டை சுத்தி பழுப்பு கறை இருக்கு. சிகரெட் கறை. விமானத்துல சிகரெட் குடிக்க விட்ட காலத்துல உள்ள இருந்த புகை, ஒட்டுக்கு அடியில விரிசல் வழியா கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு வெளிய வந்து படிஞ்சிருக்கு. சிகரெட்டை தடை பண்ணி வருஷக்கணக்கா ஆன பின்னாடியும் கறை அங்கயே. விரிசல் தானே கையெழுத்து போட்டு வச்சிருக்கு, பாத்தவங்க அழுக்குன்னு நினைச்சிருப்பாங்க.

பிப்ரவரி 14, ராத்திரி 11.30

சரி, சொல்லிடறேன். இருபது வருஷம் முன்னாடி. எந்த பட்டறை எந்த முதலாளின்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். ரூட் பஸ் ஒன்னு எஃப்.சி.க்கு வந்துச்சு. முன் கதவுக்கு பக்கத்து பில்லர் அடியில கிராக். பேனலை கழட்டி பில்லரை மாத்தணும், ரெண்டு நாள் வேலை. வண்டிக்காரர் நாளைக்கே வேணும்னுட்டார், பண்டிகை கூட்டம். மேல ஒரு பட்டை வச்சு ரிவிட் அடிச்சு, பட்டி தடவி, தேச்சு, பெயிண்ட் அடிச்சோம். நான் தான் பட்டி தேச்சது. கண்ணாடி மாதிரி தேச்சேன், என் வேலையை பாத்து எல்லாரும் பாராட்டினாங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் கையால தடவி பாத்துட்டு போயிட்டார்.

ஆறேழு மாசம் கழிச்சு அந்த வண்டி ஒரு வளைவுல மரத்துல மோதுச்சு. உயிர்ச்சேதம் இல்ல, கதவு பக்கம் பூரா மடங்கி நாலஞ்சு பேருக்கு கால் முறிவு. டிரைவர் வேகமா வந்தார்னு கேஸ். வேகமா தான் வந்திருப்பார், அதுல சந்தேகமில்ல. ஆனா பில்லர் நல்லா இருந்திருந்தா அவ்வளவு மடங்கியிருக்குமான்னு என்னை யாரும் கேக்கல, நானும் போய் சொல்லல. டிரைவருக்கு லைசென்ஸ் கொஞ்ச நாள் போச்சு. அப்புறம் பஸ் ஸ்டாண்டுல பாத்தா சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

மடங்கினதுக்கும் என் பட்டிக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு இன்னைக்கும் எனக்கு தெரியாது. காமெட்டுக்கு தொட்டி கட்டி பாத்தாங்க. இதுக்கு யாரு கட்டுவா.

பிப்ரவரி 15

ஆறுதல் சொன்னவங்களுக்கு நன்றி. திட்டினவருக்கும். பேச்சை மாத்தறேன்.

போல்ட் கதை. 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் விமானம், பர்மிங்ஹாம்ல இருந்து கிளம்பி 17,000 அடி தாண்டினதும் கேப்டன் முன்னாடி இருந்த கண்ணாடி பிச்சிக்கிட்டு போச்சு, அவரும் பாதி உடம்பு வெளிய. உள்ள இருந்தவங்க காலை பிடிச்சுக்கிட்டாங்க, இருபது நிமிசம் கிட்ட, துணை பைலட் இறக்கினார். அவர் செத்துட்டார்னு நினைச்சுக்கிட்டே தான் பிடிச்சிருந்தாங்க. பிழைச்சுக்கிட்டார், திரும்ப வேலைக்கும் போனார்!

27 மணி நேரம் முன்னாடி, ராத்திரி ஷிப்டுல தான் அந்த கண்ணாடி மாத்தியிருக்கு. 90 போல்ட்டுல 84, தேவையானதை விட 0.026 அங்குலம் ஒல்லி. கண்ணாடி மாத்தினவர் கழட்டின போல்ட்டை கையில வச்சுக்கிட்டு ஸ்டோர்ல போய் கண்ணளவுல ஜோடி சேத்திருக்கார். கண்ணளவு! எங்க பட்டறையில நூத்துக்கு தொண்ணூறு போல்ட் கண்ணளவு தான். இன்னைக்கு வெர்னியர் எடுத்துக்கிட்டு ஸ்டோர்ல உக்காந்தேன், பசங்க எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பாக்கறாங்க.

பிப்ரவரி 16

"பழைய விமானம்னா எத்தனை வருஷம்"னு கேட்டவருக்கு. வருஷம் கணக்கில்லைங்க, தடவை தான் கணக்கு. ஹவாய்ல 1988 ஏப்ரல் 28, 737 ஒன்னு, வயசு 19 தான், ஆனா 89,680 தடவை பறந்திருந்துச்சு. தீவு விட்டு தீவு, டவுன் பஸ் மாதிரி, ஏறின உடனே இறக்கம். 24,000 அடியில கூரை பதினெட்டு அடி நீளத்துக்கு பிச்சிக்கிட்டு போச்சு. விமானப் பணிப்பெண் ஒருத்தர் காத்துல போயிட்டார், மத்த எல்லாரும் மேல ஆகாசம் தெரிய உக்காந்துக்கிட்டே பக்கத்து தீவுல இறங்கினாங்க. தகடு மேல தகடு ஒட்டின பசை விட்டுப்போயி, சுமை ரிவிட் மேல ஏறி, உப்புக் காத்துல துருவும் சேந்து, ஓட்டைக்கு ஓட்டை விரிசல்.

ஏர்றப்பவே கதவு பக்கத்துல ஒரு விரிசலை பாத்ததா ஒரு பயணி அப்புறம் சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லல. நான் அவங்களை குத்தம் சொல்றதா இல்ல, எனக்கு அந்த தகுதி கிடையாது.

நான் இதுவரைக்கும் ரெண்டு தடவை தான் பறந்திருக்கேன், கோயமுத்தூர்ல இருந்து சென்னை, திரும்ப. றெக்கைக்கு பக்கத்து சீட்டு. எல்லாரும் மேகத்தை பாக்கறாங்க, நான் ரிவிட் வரிசையை எண்ணிக்கிட்டு வந்தேன். ஜன்னல்ல அடியில ஒரு பொடி ஓட்டை இருக்கும் பாத்திருக்கீங்களா? அது விரிசல் இல்ல, பயப்படாதீங்க. நடு கண்ணாடியில வேணும்னே போட்டது, எருமையோட முட்டு பூரா வெளிக் கண்ணாடிக்கு போகட்டும், நடுவுல இருக்கறது மாத்தாளா சும்மா நிக்கட்டும்னு. ஆவி படியாம இருக்கவும் உதவும்.

பிப்ரவரி 18, ராத்திரி

ரெண்டு நாளா வரலைன்னு கேட்டிருந்தீங்க. வேலை.

சனிக்கிழமை ஒரு பழைய காலேஜ் பஸ் எஃப்.சி.க்கு வந்துச்சு. இடது பக்கம் மூணாவது ஜன்னலுக்கு கீழ யாரோ எப்பவோ அடிச்ச ஒட்டு, நாலு அங்குலத்துக்கு பத்து அங்குலம், ரிவிட் வரிசை அழகு, பெயிண்ட் நல்லா இருக்கு, கறை கிறை எதுவும் இல்ல. கழட்டுடான்னேன். பையன் "எதுக்குண்ணே, நல்லா தானே இருக்கு"ன்னான். கழட்டுடான்னேன் திரும்ப. பதினெட்டு ரிவிட்டையும் டிரில் பண்ணி எடுத்து, தகட்டை நெம்பி, டார்ச் அடிச்சு பாத்தோம்.

உள்ள ஒன்னுமில்ல. மரக்கிளை கிழிச்ச ஓட்டை போல, ஓரமெல்லாம் சுத்தமா தேச்சு, மூலையை வளைச்சு வெட்டியிருந்தான் யாரோ ஒரு புண்ணியவான். பையன் சிரிச்சான். திரும்ப அடிச்சு பட்டி தேச்சு பெயிண்ட் காய்ற வரைக்கும் அரை நாள் போச்சு, முதலாளி அதை என் கணக்குல எழுதிட்டார்.